அறுநூற்றைம்பது சொல்லில் ஓர் அறம்

கடல் கடந்த பல்கலைக்கழகங்களில் வீற்றிருந்து மாணவர் குணத்தைத் தராசில் நிறுத்தருளும் அட்மிஷன் அதிகாரிகளே, அவர்தம் திருவுள்ளக் குறிப்பறிந்து இளங்குருத்துகளை வழிநடத்தும் சென்னை மாநகரத்து ஆலோசகப் பெருந்தகைகளே, லட்சங்களை முகம் சுளிக்காமல் கட்டியருளும் பெற்றோர் பெருமக்களே! மரக்காணத்து உப்பளக் கரையிலிருந்து ஒரு சாமானியனின் வணக்கம். உங்கள் கீர்த்தியைப் பாட எங்கள் ஊர்க்காரன் ஒருவனும் இதுவரை முன்வராதது எங்கள் மண்ணுக்கு நேர்ந்த பழி. அதைத் துடைக்கவே இந்தச் சிறுமுயற்சி.

முதற்கண் உங்கள் சிக்கனத்தை வியக்கிறேன். திருவள்ளுவர் அறத்துப்பாலுக்கு 38 அதிகாரங்கள் எடுத்துக்கொண்டார். குறளுக்கு ஏழு சீர் என்று கணக்குப் போட்டால் 2,660 சீர். அவ்வளவு எழுதியும், “ஐயா, இதில் தங்கள் தனிப்பட்ட விழுமியம் எது?” என்று கேட்டிருந்தால் மனிதர் விழித்திருப்பார். நீங்களோ 650 சொல்லுக்குள் ஓர் அறத்தைத் தொடங்கி, அதற்கு ஒரு சோதனை வைத்து, சோதனையில் தேறி, ஆளே மாறி, கடைசிப் பத்தியில் உலகத்தை மாற்றவும் கிளம்பிவிடுகிறீர்கள். 1975-இல் 15 கல்லூரிகள் கூடித் தொடங்கிய காமன் ஆப் என்னும் பொது விண்ணப்பத்தை இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஏற்கின்றன. அதன் தலையாய கட்டுரைக்கு 650 சொல் உச்சவரம்பு. பதினேழு வயதில் ஒருவருக்கு அதற்கு மேல் அறம் சுரந்துவிட்டால் இணையதளமே வாங்கிக்கொள்ளாது. அறத்தின் பேராசைக்கும் கடிவாளம் போட்ட மேலோரை எந்த வாயால் வாழ்த்துவேன்!

அந்த விழுமியத்தைத் தேர்ந்தெடுக்கும் சடங்கு இருக்கிறதே, அது தேவர்க்கும் காணக் கிடைக்காதது. குளிரூட்டிய அறை. ஆலோசகர் பெருமான் அச்சிட்ட பட்டியல் ஒன்றை மேசைமேல் விரிக்கிறார். நேர்மை, துணிவு, பரிவு, நன்றி, விடாமுயற்சி, ஆர்வம், எளிமை என்று அறங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அம்மா, அப்பா, பிள்ளை மூவரும் தி. நகரில் முகூர்த்தப் புடவை எடுப்பதுபோல ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். “நேர்மை வேணாம் சார், எல்லாரும் அதைத்தான் எழுதுவாங்க” என்கிறார் அப்பா. ஆடிட்டரும் அவருக்கு ஏற்கெனவே அந்த யோசனையைத்தான் சொல்லியிருக்கிறார். நன்றி போன வருடமே அடிபட்டுப் போன சரக்கு. எளிமை என்று எழுதினால் இணைக்கும் புகைப்படங்கள் காட்டிக்கொடுத்துவிடும். விடாமுயற்சிக்கு ஒரு சிக்கல் இருக்கிறது: பிள்ளை எதையாவது விடாமல் செய்திருக்க வேண்டும். கராத்தே மஞ்சள் பெல்ட்டோடு நின்றது, வீணை உறைக்குள் உறங்குகிறது. கடைசியில், “பரிவு. கூடவே கொஞ்சம் துவண்டாலும் மீண்டெழும் திறன்” என்று தீர்ப்பாகிறது. வேல்யூ ஃபிக்ஸ் ஆகிவிட்டது. காபி வருகிறது.

பழங்கால மூடர்கள் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவனுக்கு ஏதோ நேரும், அதில் அவன் எப்படியோ நடந்துகொள்வான், அதை வைத்து அவன் குணத்தை ஊர் எடைபோடும். எத்தனை வருடம் வீண்! குணத்தை முதலில் முடிவுசெய்துவிட்டு, அது வந்ததற்கான சம்பவத்தைப் பிற்பாடு தேடிப் பிடிப்பது என்ற இந்த ஏற்பாடு, ஒழுக்கத்தின் வரலாற்றிலேயே ஒப்பற்ற கண்டுபிடிப்பு. அதைக் கண்டுபிடித்தவருக்குச் சிலை வைப்பதானால் பீடத்துக்கு வேண்டிய உப்பு மூட்டைகளை எங்கள் ஊர் தரும்.

சம்பவம் எங்கே கிடைக்கும் என்று கலங்க வேண்டாம். இங்கேதான் மரக்காணம் தன் பிறவிப் பயனை அடைகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்தில் 3,000 ஏக்கருக்கும் மேல் உப்பளம். தமிழ்நாட்டு உப்பு என்றால் தூத்துக்குடி, வேதாரண்யம், அடுத்து எங்கள் பெயரைத்தான் சொல்வார்கள். ஆனால் அவ்விரண்டு ஊருக்கும் சென்னையிலிருந்து காலையில் கிளம்பிப் போய், பரிவு கொண்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப முடியாது. எங்கள் ஊருக்கு முடியும். போகும்போது மாமல்லபுரத்தில் சிற்றுண்டி. பரிவு முடிந்ததும் தெற்கே புதுச்சேரியில் பிரெஞ்சுச் சாப்பாடு. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யம்வரை நடந்தே போய், உப்பள்ளி, சிறைக்கும் போனார். ஒரு விழுமியத்துக்கு அவ்வளவு நடை எதற்கு, ஏசி காரில் மரக்காணம் போதுமே என்று சொல்ல அந்த மனிதருக்கு ஓர் ஆலோசகர் வாய்க்கவில்லை.

இந்த மண்ணுக்கு இதெல்லாம் புதிதும் அல்ல. சங்க காலத்து எயிற்பட்டினம் இந்த மரக்காணப் பக்கம்தான் என்பது அறிஞர் பலர் கருத்து. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெற்று வரும் பாணன் ஒருவன், வறுமையில் வாடி எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்வதாக, பக்கத்து இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் சிறுபாணாற்றுப்படையைப் பாடினார். போகும் வழியில் எயிற்பட்டினத்துக் கடற்கரைக் குடியில் கள்ளும் சுட்ட மீனும் கிடைக்கும் என்பதுவரை அதில் தகவல் உண்டு. ஆற்றுப்படை மரபு அற்றுப்போயிற்றே என்று வருந்தும் புலவர் பெருமக்கள் இனி வருந்த வேண்டாம். ஆலோசகர்கள் அதைத் தூக்கி நிறுத்திவிட்டார்கள். பழைய பாணன் தன் வறுமையைப் பாடினான், வள்ளலின் குணத்தைப் பாடினான். இக்காலப் பாணன் அடுத்தவர் வறுமையைப் பாடுகிறான், தன் குணத்தைப் பாடுகிறான். அந்தப் பாணன் வழியைச் சும்மா சொல்லித் தொலைத்தான். இன்று மணிக்கணக்கில் கட்டணம். தமிழ் வளரவில்லை என்று எவர் சொல்வது?

உப்பளத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கட்டுரைக்கு இது தேவைப்படாது, பழக்கதோஷத்தில் சொல்கிறேன். விடியும் முன்பே தொடங்கும் வேலை. தை பிறந்ததும் பாத்திகளைக் காலால் மிதித்து மிதித்துத் தரையை இறுக்க வேண்டும். உப்புநீரை இறைத்து, பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலில் சுண்டவிட வேண்டும். கடல்நீரின் உப்புச் செறிவு ஏறத்தாழ 3 டிகிரியில் இருக்கும். 25 டிகிரியை நெருங்கும்போது உப்பு பூக்கும். கவனிக்காமல் 30-ஐ எட்டவிட்டால் கசப்பு ஏறிவிடும், அந்த நீரை வெளியே விட்டாக வேண்டும். பிறகு மரப்பலகையால் வாரி, வரப்பில் ஒதுக்கி, நீர் வடிந்ததும் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து அம்பாரம் போட வேண்டும். சுமப்பவர்களில் பெண்களே மிகுதி. வெள்ளைப் பரப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கூசவைக்கும். உப்புநீர் பாதத்தை வெடிக்கவைக்கும். கட்டுரைக்கு இதில் கடைசி வரி மட்டும் பயன்படும். வெடித்த பாதம் புகைப்படத்தில் நன்றாக விழுகிறது.

இனி, மாணவச் செல்வம் எழுந்தருளும் காட்சி. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், தலையில் தொப்பி, முகத்தில் சன்ஸ்கிரீன், பின்னால் கேமராவோடு ஓர் அண்ணன். வரப்பில் நின்ற பெண்மணியிடம் பலகையை வாங்கி நாலு இழுப்பு இழுக்கிறார் செல்வம். வலது பக்கமிருந்து ஒன்று, இடது பக்கமிருந்து ஒன்று, ட்ரோனில் ஒன்று. உழைப்பின் மகத்துவம் முழுவதும் பதிவாகிவிட்டது. பலகையைத் திரும்ப வாங்கிக்கொண்ட அந்த அம்மாள் பேசிய பேச்சு இது:

“ஏம்பா தம்பி, வெயிலு ஏறிடுச்சு, அந்தக் கொட்டாயாண்ட போயி நில்லு. குடிக்கத் தண்ணி வேணுமா?”

“நோ, தேங்க்ஸ் ஆன்ட்டி. ஆன்ட்டி, நீங்க இந்த வேலையில ஹேப்பியா இருக்கீங்களா?”

“இன்னா ஹேப்பியோ போ. கேமராலாம் வச்சிருக்கீங்களே, எதுனா பேப்பர்ல எழுதுவீங்களா? எழுதுனா, இங்க ஒரு கக்கூசு கட்டித் தரச் சொல்லி எழுது கண்ணு. பொம்பளைங்க காலையில இருந்து தண்ணி குடிக்கவே பயந்துக்கினு கெடக்கிறோம்.”

செல்வம் உருகிப்போனார். அந்த உருக்கம் ஆலோசகரின் கைவண்ணத்தில் எப்படி மெருகேறியது என்பதைக் கேட்டால் கல்லும் கரையும். முதல் வரியில் உப்பு பாதத்தைச் சுடுகிறது. பூட்ஸ் சொல் எண்ணிக்கை கருதி நீக்கப்பட்டது. இரண்டாம் பத்தியில் முகம் சுருங்கிய ஒரு மூதாட்டி வருகிறார். அந்த அம்மாளுக்கு வயது நாற்பதுதான், ஆனால் மூதாட்டிக்கு மதிப்பு அதிகம். மூன்றாம் பத்தியில், எங்களுக்கிடையே பொதுமொழி எதுவும் இல்லை, ஆனாலும் அவளுடைய மௌனம் என்னிடம் பேசியது என்கிறது கட்டுரை. எத்தகைய நுட்பம்! அம்மாள் பச்சைத் தமிழில் வாய்விட்டுக் கேட்ட கக்கூசு, மௌனத்தில் எவ்வளவு அழகாகக் கரைந்துவிட்டது! “அது கொஞ்சம் கொச்சையா இருக்கு, டோன் கெட்டுடும்” என்று ஆலோசகர் நீக்கியிருப்பார். அவர் ரசனை வாழ்க. நான்காம் பத்தியில் செல்வம் பிரதிக்ஞை எடுக்கிறார். ஐந்தாம் பத்தி பாஸ்டனில் நடக்கிறது.

தண்ணீர் குடிக்க அஞ்சும் அந்தப் பெண்களிடமும் ஒரு விழுமியம் உண்டு: புலனடக்கம். முனிவர்கள் காடேறிப் பயின்றதை இவர்கள் கூலி வாங்கிக்கொண்டே பயில்கிறார்கள். சென்னை போரூர் ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்து ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளங்களில் ஆராய்ந்து, கடும் வெப்பமும் உடலின் நீரிழப்பும் தொழிலாளர்களின் சிறுநீரகத்தைத் தாக்குவதை எழுதிவைத்திருக்கிறார்கள். பாவம், அவர்களுக்கு எழுதத் தெரியவில்லை. பக்கத்துக்குப் பக்கம் அட்டவணை. நெஞ்சை உலுக்கும் முதல் வரியும் இல்லை, ஆய்வாளர் எப்படி உள்ளுக்குள் மலர்ந்தார் என்ற விவரமும் இல்லை. எந்த நல்ல கல்லூரியும் அவர்களைச் சேர்த்துக்கொள்ளாது.

சிறுமதி படைத்த சிலர் இதையெல்லாம் மோசடி என்கிறார்கள். மோசடி என்றால் என்னவென்று அவர்கள் அமெரிக்காவைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ரிக் சிங்கர் என்ற கல்லூரி ஆலோசகர், விளையாட்டே அறியாத பணக்காரப் பிள்ளைகளின் முகத்தை விளையாட்டு வீரர்களின் உடலில் ஒட்டிப் படம் தயாரித்தார். 2019-இல் பிடிபட்டார், 2023-இல் மூன்றரை ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அடுத்தவர் உடம்பில் தன் முகத்தை ஒட்டுவது குற்றம். அடுத்தவர் வியர்வையைத் தன் முகத்தில் ஒட்டிக்கொள்வது இலக்கியம். இந்த நுண்ணிய வேறுபாட்டை உணர்ந்து, சட்டத்தின் நிழல்கூடப் படாமல் தொழில் செய்யும் எங்கள் சென்னைப் பெருந்தகைகளின் கால்தூசிக்கு அந்தச் சிங்கர் ஈடாவாரா?

அந்த அம்மாளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகள் ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருப்பாள், எங்கள் ஊரில் அப்படி நிறையப் பேர். அவளுடைய விண்ணப்பத்தைப் பார்க்கும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. திண்டிவனத்து அரசு கலைக் கல்லூரிக்கு 48 ரூபாய் விண்ணப்பக் கட்டணம், 2 ரூபாய் பதிவுக் கட்டணம். கடல் கடந்த கல்லூரி ஒவ்வொன்றுக்கும் 70, 80 டாலர் கட்டும் உங்கள் பெருமைக்கு முன் ஐம்பது ரூபாயை எப்படி வாய்விட்டுச் சொல்வது! அதில் மதிப்பெண் கேட்கிறார்கள், சாதிச் சான்றிதழ் கேட்கிறார்கள், வருமானச் சான்றிதழ் கேட்கிறார்கள். இ-சேவை மையத்தில் ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். “உனது விழுமியம் யாது?” என்று கேட்க ஒரு கட்டம்கூட இல்லை. இந்தக் காட்டுமிராண்டித்தனத்தை என்னவென்று சொல்ல! விடுமுறையில் அம்மாவோடு பாத்தியில் இறங்கி உப்பு வாரியவள், கூலி வந்ததும் மளிகைக்கடைக் கடனை அடைத்தவள், தம்பியைப் பள்ளிக்குக் கிளப்பிவிட்டுத் தான் பேருந்துக்கு ஓடியவள், இதற்கெல்லாம் ஒரு பெயர் உண்டு என்பதே தெரியாமல் “பொருளாதாரம், தமிழ்வழி” என்று நிரப்பிவிட்டு வந்துவிட்டாள். அம்மாவின் வறுமை அவளுக்கு ஈட்டித்தந்தது தாசில்தார் அலுவலகத்தின் ஒரு தாளும், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும். அதே வறுமை ஒருநாள் வந்துபோன மாணவச் செல்வத்துக்கு என்னவெல்லாம் ஈட்டித்தந்தது! ஒரே பாத்தி உப்புதான். வாரத் தெரிந்தவர் வாரினார்.

மதிப்பெண்ணை மட்டும் நம்பினால் என்ன விபரீதம் நேரும் என்பதற்கு ஹார்வர்டே சாட்சி. தேர்வில் தேறியவர்களை எல்லாம் உள்ளே விட்டதன் பலனாக, 1922 வாக்கில் அங்கே யூத மாணவர்கள் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டார்கள். குடியேறியவர்களின் பிள்ளைகள், தையல்காரர் வீட்டுப் பிள்ளைகள், படித்துத் தொலைத்தார்கள். பல்கலைக்கழகத் தலைவராய் விளங்கிய ஏ. லாரன்ஸ் லோவல் என்னும் மகாத்மா துடித்துப்போய், அவர்களுக்கு 15 விழுக்காட்டில் வரம்பு கட்டலாம் என்றார். வெளிப்படையாகச் சொன்னதால் எதிர்ப்பு கிளம்பி, அது நடக்கவில்லை. அப்போதுதான் விண்ணப்பதாரரின் குணநலன் என்ற அமுதம் கடையப்பட்டது. தகப்பனார் பிறந்த ஊர் எது, தாயாரின் கன்னிப்பெயர் என்ன, உன் பெயரிலோ தகப்பன் பெயரிலோ பிறந்த பிறகு மாற்றம் ஏதும் உண்டா என்றெல்லாம் கனிவோடு விசாரித்தார்கள். 1926-இல் குணத்துக்கும் ஆளுமைக்கும் தேர்வில் உரிய இடம் கிடைத்தது, புகைப்படமும் கட்டாயமாயிற்று. சில ஆண்டுகளில் யூதர் எண்ணிக்கை தானாக இறங்கிற்று. குணத்தைப் பார்ப்பது என்றாலே யாரை வாசலில் நிறுத்துவது என்று பார்ப்பதுதான் என அற்பர் சிலர் சொல்லக்கூடும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஜெரோம் கராபெல் என்ற பேராசிரியர் 2005-இல் இதையெல்லாம் தோண்டியெடுத்து ஒரு தடித்த புத்தகமே எழுதினார். அவருக்கும் விழுமியப் பயிற்சி போதாது.

லோவல் பெருமானின் அருட்பணி எங்கள் நாட்டிலும் தழைக்கத் தொடங்கிவிட்டது. கட்டுரை கேட்டு வாங்கும் தனியார் பல்கலைக்கழகங்கள் ஹரியானாவிலும் ஆந்திர எல்லையிலும் எழும்பிவிட்டன. தமிழ்நாடு ஒன்றுதான் திருந்த மறுக்கிறது. பொறியியலுக்கு நுழைவுத்தேர்வைக்கூட 2006-இல் சட்டம் போட்டு ஒழித்துவிட்டு, பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்று அடம்பிடிக்கிறது. நாளை இங்கேயும் அந்தக் கட்டுரைக் கட்டம் வந்துவிட்டால், உப்பளத்து மகள் தன் அம்மாவைப் பற்றித் தானே எழுத நேரலாம். அதனால் தொழில் கெட்டுவிடாது என்று ஆலோசகப் பெருந்தகைகளுக்கு உறுதி கூறுகிறேன். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினால் அது உப்பைப் பற்றி இருக்கும், அவளைப் பற்றி இராது. கக்கூசும் முதல் வரியிலேயே வந்துவிடும்.

வர விரும்பும் குடும்பங்களின் வசதிக்காகக் கால அட்டவணை. காமன் ஆப் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 அன்று புதிதாகத் திறக்கும். முந்தி விண்ணப்பிப்போர்க்குப் பெரும்பாலும் நவம்பர் 1, மற்றவர்க்கு ஜனவரி 1 கெடு. கெடு நெருங்கும்போது பரிவு தேடி இங்கே ஓடிவந்தால் ஏமாறுவீர்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை மழையில் பாத்திகள் முழுகிக் கிடக்கும். வேலை இராது, படமெடுக்க ஆளும் இராது. உப்பளக் குடும்பங்கள் அரசு தரும் 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணத்தை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும். அந்தப் பணத்துக்கு ஒரு மணி நேரம்கூட வாய்திறக்காத ஆலோசகர்கள் உண்டு என்று கேள்வி. ஆகவே சித்திரை, வைகாசியில் வாருங்கள். பள்ளி விடுமுறையும் அப்போதுதான். வெயில் உச்சியில் நிற்கும், உப்பு நன்றாகப் பூத்திருக்கும், பாதங்கள் போதிய அளவு வெடித்திருக்கும். கழிப்பறை மட்டும் இங்கே இல்லை. வழியில் மாமல்லபுரத்திலேயே முடித்துக்கொண்டு வரவும்.